காசு போனது, தண்ணீர் வரவில்லை: கார் கழுவுமிடத்தின் கட்டணப் பெட்டிக்கு உதிரிபாகம் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், காக்கி புக்கிட்டை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டையில் இந்தச் சுயசேவைக் கார் கழுவுமிடம் இருக்கிறது. நான்கு தடங்கள். ஒவ்வொரு தடத்தின் சுவரிலும் எவர்சில்வர் கட்டணப் பெட்டி ஒன்று. காசு போட்டாலோ அட்டையைத் தொட்டுக் காட்டினாலோ நேரம் ஏறும். பொத்தானை அழுத்தினால் உயரழுத்தத் தண்ணீர், நுரை, மெழுகு என்று ஒவ்வொன்றாக வரும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வாடகை கார் ஓட்டுநர்கள், வேன் ஓட்டிகள், கட்டுமான நிறுவன லாரி ஓட்டுநர்கள்.

பெட்டிகள் ஐரோப்பியத் தயாரிப்பு. பத்து ஆண்டுக்கு மேல் ஓடியவை. அந்த மாடலை உற்பத்தியாளர் நிறுத்திவிட்டார். முதலில் காசுக்கு மட்டுமே இருந்த பெட்டிகளில், பிற்பாடு கார்டு ரீடர் சேர்க்கப்பட்டது. இந்த ஆய்வில் பின்னால் வரும் பல விஷயங்களுக்கு வேர் அந்தச் சேர்ப்புதான்.

இதில் தொடர்புடையவர்கள் நான்கு பேர்: இடத்தின் உரிமையாளர், உரிமம் பெற்ற மின்னியலாளர் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே பராமரிப்புப் பணி செய்யும் இளம் தொழில்நுட்பர், பணியை ஒருங்கிணைத்த நான். நால்வரும் தமிழர்கள் என்பதால் பேச்சு, குறிப்பு எல்லாம் தமிழிலேயே நடந்தது.

கோளாறு எப்படித் தெரியவந்தது

முதல் புகார் 2ஆம் தடத்தில் வந்தது. ஒருவர் காசு போட்டிருக்கிறார், திரையில் நேரம் ஏறியிருக்கிறது. தண்ணீர்ப் பொத்தானை அழுத்தியதும் திரை கணநேரம் இருண்டு மறுபடி எரிந்திருக்கிறது. மீண்டு வந்தபோது கணக்கில் பூஜ்யம். இன்னொருவர் அட்டையில் 3 வெள்ளி கட்டியிருக்கிறார், ஏறியதோ 2 வெள்ளிக்கான நேரம். அட்டைக் கணக்கில் 3 வெள்ளி சரியாகக் கழிந்திருந்தது.

உரிமையாளர் இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார். அது முக்கியம் என்று நினைக்கிறேன். வேலைக்கு நடுவில் லாரியைக் கழுவ வருபவருக்கு 3 வெள்ளி சின்னத் தொகை இல்லை. அதோடு, காசை வாங்கிக்கொண்டு சேவை தராத இயந்திரம் இருக்கும் இடத்துக்கு அவர் திரும்பி வரமாட்டார்.

கடையில் வேலை பார்க்கும் பெண்மணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் புகார்களைத் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. அந்த நோட்டு பெரிய உதவியாக இருந்தது. புகார்கள் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் வந்திருந்தன. காலையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 2ஆம் தடத்தின் பெட்டி மேற்கு பார்த்த சுவரில் இருக்கிறது.

3ஆம் தடத்தில் வேறு சிக்கல்: ஒரு வெள்ளி நாணயத்தைத் திரும்பத் திரும்பத் துப்பியது. அது வேறு காரணம் என்று பிறகு தெரிந்தது.

முகவர் சொன்னதும் உரிமையாளரின் யோசனையும்

பெட்டிகளை விற்ற முகவரைக் கேட்டபோது, பெட்டியை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு இனி கிடைக்காது, பெட்டியை முழுதாக மாற்றலாம் என்றார். ஒரு பெட்டிக்கே பல ஆயிரம் வெள்ளி. அவர் சொன்னதில் தவறில்லை. நிறுத்தப்பட்ட மாடலுக்கு முழு போர்டு அவரிடம் இல்லை. ஆனால் போர்டுதான் கெட்டது என்று அதுவரை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

உரிமையாளர் அதற்குள் இணையச் சந்தையில் ‘எல்லாக் கார் கழுவும் இயந்திரத்துக்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தோடு ஒரு போர்டைப் பார்த்து வைத்திருந்தார். விலை மிகக் குறைவு. வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். விளம்பரத்தில் இணைப்பு வரைபடம் இல்லை. காசை வாங்கும் காயின் அக்செப்டரும் கார்டு ரீடரும், கட்டிய தொகையைச் சொல்ல அனுப்பும் பல்ஸை, அதாவது சிறு மின்துடிப்பை, அது எந்த நீளத்தில் எதிர்பார்க்கிறது என்று இல்லை. ரிலே என்பது சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்; அதன் தொடுமுனை எத்தனை ஆம்பியர் தாங்கும் என்றும் இல்லை. தண்ணீர் தெறிக்கும் இடத்தில், 230 வோல்ட்டை இயக்கும் போர்டை இந்த விவரம் எதுவும் தெரியாமல் பொருத்த முடியாது.

“முதல்ல எது செத்திருக்குன்னு பார்ப்போம் அண்ணே, அப்புறம் வாங்குவோம்” என்றார் தொழில்நுட்பர். உரிமையாளர் ஒத்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்தபோது

230 வோல்ட் பக்கத்தைத் தொடும் வேலை எல்லாவற்றையும் மின்னியலாளரிடமே விட்டோம். சிங்கப்பூரில் அந்த வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஈர இடம் என்பதால் அவர் இன்னும் கறாராக இருந்தார். தனிச் சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே கதவைத் திறந்தார். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானையும் அதே வேளையில் சோதித்தார். அது நன்றாக வேலை செய்தது.

உள்ளே, அடிப்பக்கக் காற்றுத் துளைகள் காய்ந்த நுரையால் பாதி அடைந்திருந்தன. 230 வோல்ட்டை போர்டுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பவர் சப்ளை 24 வோல்ட், 50 வாட் வகை. அதாவது ஏறக்குறைய 2.1 ஆம்பியர். அதன் துளைகள் வழியாகப் பார்த்தபோது, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது தெரிந்தது. போர்டில் ஒரு ரிலேயைச் சுற்றிப் பச்சை நிறம் பழுப்பாகியிருந்தது.

பிறகு மின்சாரம் கொடுத்து, மூடிய நிலையில் நீட்டிய வயர்கள் வழியாக அளந்தோம். சும்மா இருக்கும்போது 24 வோல்ட் காட்டியது. நுரை வால்வு திறந்து, கார்டு ரீடர் ஒரு பரிவர்த்தனையை முடித்து, பம்ப் ரிலே இழுக்கும் அந்தக் கணத்தில் 17 வோல்ட்டுக்கு விழுந்தது. அதே கம்பிகளில் மீட்டரை ஏசி (மாறுமின்) அளவில் வைத்தால் 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல பவர் சப்ளையில் அது மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். மதிய வெயிலில் பெட்டிக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கியது.

இந்த இடத்தில் காரணம் தெளிவானது. மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். தவிர, இந்த வகைப் பவர் சப்ளைகள் வழக்கமாக 50 டிகிரி வரைதான் முழுத் திறனைத் தரும். அதற்கு மேல் தரக்கூடிய ஆம்பியர் படிப்படியாகக் குறையும். பழைய பெட்டியின் சுமைக்கு 50 வாட் போதுமானதாக இருந்திருக்கும். பிற்பாடு சேர்த்த கார்டு ரீடர், ஒரு மாற்றி வழியாக இதே 24 வோல்ட்டிலிருந்துதான் தனக்கு வேண்டிய 12 வோல்ட்டை எடுத்தது. எல்லாம் சேர்ந்து உச்சத்தில் 1.8 ஆம்பியர் போனது. 60 டிகிரியில், வயதான பவர் சப்ளைக்கு அது அதிகம். அட்டையில் 3 வெள்ளி கட்டியவருக்கு 2 வெள்ளி நேரம் ஏறியதும் இதனால்தான்: ரீடர் ஒரு வெள்ளிக்கு ஒரு பல்ஸ் வீதம் அனுப்புகிறது, மின்னழுத்தம் விழுந்த நேரத்தில் வந்த பல்ஸை போர்டு எண்ணவில்லை.

பழுப்பாகிய ரிலே தனிக் கதை. அது எஸ்ஆர்டி என்ற நீலநிறச் சதுர வகை. 5, 12, 24 வோல்ட் மூன்றுக்கும் ஒரே உருவம், ஒரே கால் அமைப்பு. மேலே அச்சிட்ட எண் மட்டும்தான் வேறு. மற்ற மூன்று ரிலேகளில் 24 என்று இருந்தது. இதில் 12. முன்பு எப்போதோ பழுது பார்த்த யாரோ, உருவம் பொருந்தியதால் போட்டிருக்க வேண்டும். 12 வோல்ட் சுருளின் தடை 400 ஓம். அதற்கு 24 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், வெப்பம் நான்கு மடங்காகும்: 0.36 வாட்டுக்குப் பதில் 1.44 வாட். போர்டைக் கழற்றி அளந்தபோது சுருளின் தடை 250 ஓமுக்கும் கீழே இருந்தது. உள்ளே காப்புப்பூச்சு வெந்து சுற்றுகள் ஒன்றோடொன்று தொட ஆரம்பித்திருந்தன.

ரிலேயை இயக்கும் யுஎல்என்2003 சிப் கெடாமல் தப்பியிருந்தது. ஒரு வழிக்கு 500 மில்லிஆம்பியர் தாங்கக்கூடியது அது. போர்டின் மூளை நன்றாகவே இருந்தது. போர்டு முழுவதையும் மாற்றத் தேவையே இல்லை.

உதிரிபாகம் தேடியது

என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் இப்போது சிறியதாகிவிட்டது. 24 வோல்ட் சுருள் ரிலே, பவர் சப்ளை, துருப்பிடித்த சில இணைப்பிகள்.

ரிலேக்கும் இணைப்பிக்கும் தொழில்நுட்பரும் நானும் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போனோம். புதிதாக வருபவர்கள் அதையும் சற்றுத் தள்ளி இருக்கும் சிம் லிம் ஸ்குவேரையும் குழப்பிக்கொள்வார்கள். கணினி, கைப்பேசி வேண்டுமென்றால் ஸ்குவேர்; ரிலே, சுவிட்ச், சிப், வயர் முனை வேண்டுமென்றால் டவர். பழைய சாமான் வேண்டுமென்றால் முன்பு பக்கத்திலேயே சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. நிறுத்தப்பட்ட மாடலின் போர்டு ஒன்று தற்செயலாகக் கிடைக்கும் இடம் அப்படிப் போய்விட்டது என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

டவரில் ஒரு கடைக்காரர், வயதான சீனர், கழற்றிய ரிலேயை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதே மாதிரி வேண்டுமா, அந்த மிஷினுக்குச் சரியானது வேண்டுமா?” என்று கேட்டார். போர்டின் படத்தைக் காட்டினோம். மற்ற மூன்றில் 24 என்று இருப்பதைப் பார்த்ததும் 24 வோல்ட் பெட்டியை எடுத்து வைத்தார். அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டாலும் நாங்கள் 24தான் வாங்கியிருப்போம். ஆனால் கையில் கெட்ட பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்வி உதவும்.

இணைப்பியில்தான் நேரம் போனது. காயின் அக்செப்டரிலிருந்து வரும் பத்துக் கால் இணைப்பி ஜேஎஸ்டி எக்ஸ்எச் வகை. கால்களுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர். கடைகளில் அதிகம் கிடைப்பது 2.54 மில்லிமீட்டர் வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மூன்று நான்கு கால் என்றால் அழுத்தி நுழைத்துவிடலாம். பத்துக் கால் என்றால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும்போது 0.36 மில்லிமீட்டர் விலகும்; கடைசிக் கால் சரியாகத் தொடாது, அல்லது தொட்டும் தொடாமலும் நிற்கும். தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் மோசம். அது மழை நாளில் கெட்டு வெயில் நாளில் சரியாகும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அளவுகோலை வைத்து அளந்து, 2.5 வகை இருந்த கடையைக் கண்டுபிடித்து வாங்கினோம்.

பவர் சப்ளையை டவரில் வாங்கவில்லை. பழைய மாடல் சந்தையில் இல்லை. மாற்றாகக் கிடைத்த சில வகைகளில் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் பக்கவாட்டில் இருக்கிறது. அது 115இல் இருக்கும்போது நம் ஊர் 230 வோல்ட்டைக் கொடுத்தால் உடனே வெடிக்கும். கவனமாகப் பார்த்துப் போட்டால் சிக்கல் இல்லைதான். ஆனால் அடுத்த முறை இருட்டில், அவசரத்தில் மாற்றப்போவது வேறு ஒருவர். ஆகவே 85 முதல் 264 வோல்ட் வரை தானாகவே ஏற்கும் வகை மட்டும் என்று முடிவு செய்தோம். வெப்பம் கூடும்போது திறன் எவ்வளவு குறையும் என்ற வரைபடம் தரவுத்தாளில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. தரவுத்தாளோடு விற்கும் மின்பாக விநியோகஸ்தர் ஒருவரிடம் ஆர்டர் செய்தோம்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் இன்னும் மலிவாக இருந்ததை உரிமையாளர் காட்டினார். 2023 ஜனவரி முதல், 400 வெள்ளிக்கு உட்பட்டு விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருள்களுக்கும், பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. அதையும் அனுப்பும் செலவையும் கூட்டினால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அதோடு, பவர் சப்ளை போலியாக இருந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்வி இருக்கிறது. ஒரு வயர் முனைக்கு அப்படி வாங்கலாம், 230 வோல்ட் தொடும் பாகத்துக்குக் கூடாது என்பது மின்னியலாளரின் கருத்து. நானும் அதே கட்சி.

எடுத்த முடிவுகள்

பவர் சப்ளையின் உப்பிய கெப்பாசிட்டரை மட்டும் மாற்றலாமே என்று தொழில்நுட்பர் கேட்டார். அவருக்கு அது செய்யத் தெரியும்; ஊரில் செய்திருக்கிறார். மின்னியலாளர், “செய்யலாம் தம்பி, ஆனா இங்க வேண்டாம்” என்றார். உள்ளே 230 வோல்ட்டை நேராக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். நிறுத்திய பிறகும் சிறிது நேரம் இருக்கும். அதையும் செய்து முடித்தாலும் கிடைப்பது அதே 50 வாட்தான். சுமையோ கூடிவிட்டது. ஆகவே 100 வாட் புதியது.

புதியதன் திருகுத் துளைகள் பழைய இடத்தோடு பொருந்தவில்லை. பெட்டியின் சுவரில் புதுத் துளை போட்டால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே புகும். உள்ளே ஏற்கெனவே இருந்த தட்டின் மேல் தண்டவாளம் போன்ற உலோகப் பட்டை ஒன்றைப் பொருத்தி, அதில் மாட்டும் வகையை எடுத்தோம்.

கார்டு ரீடரின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. கட்டண ரீடர்களைத் திறந்தால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சாவிகள் தாமாகவே அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். பிறகு அது வெறும் பிளாஸ்டிக். சேவை வழங்குநரிடம் சொல்லி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி, அதற்குத் தனியாக 12 வோல்ட் பவர் சப்ளை கொடுத்தோம். இனி ரீடரின் சுமை போர்டின் 24 வோல்ட்டைத் தொடாது.

3ஆம் தடத்தில் காயின் அக்செப்டரை மாற்றவே இல்லை. காசு ஓடும் வழியில் சோப்புப் படலம் படிந்து உணரிகளை மறைத்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் சரியானது. 2013இல் வந்த புதிய ஒரு வெள்ளி நாணயம் 24.65 மில்லிமீட்டர் அகலம், 7.62 கிராம், அதற்கு முந்தையது 22.4 மில்லிமீட்டர். இரண்டும் செல்லும் காசுகள்தான். இரண்டையும் போட்டுச் சோதித்தோம், இரண்டையும் ஏற்றது.

காசு வாங்குவதையே நிறுத்தி அட்டை, கியூஆர் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று உரிமையாளர் ஒரு கட்டத்தில் யோசித்தார். பராமரிப்புச் சுலபமாகும் என்பது உண்மை. ஆனால் அங்கே வரும் லாரி ஓட்டுநர்களில் பலர் இன்னும் காசோடுதான் வருகிறார்கள். அவர்களை விட வேண்டாம் என்று காசை வைத்துக்கொண்டார். அது சரியான முடிவு.

பின் நடந்தது

புதிய பவர் சப்ளையும் ரிலேயும் போட்ட பிறகு, அதே உச்சச் சுமையில் 23.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மதியப் புகார்கள் நின்றன.

முழுதாக நிற்கவில்லை. சில நாள் கழித்து ஒரே ஒரு வகைப் புகார் மீண்டும் வந்தது: தண்ணீர் நிற்கும் கணத்தில் திரை இருள்கிறது. முன்பு தொடங்கும்போது, இப்போது நிற்கும்போது. பவர் சப்ளை நிலையாக இருந்ததால், சந்தேகம் பம்ப் அறையில் இருக்கும் கான்டாக்டர் மேல், அதாவது பம்பை இயக்கும் பெரிய ரிலே மேல், போனது. போர்டின் ரிலே, அந்தக் கான்டாக்டரின் 230 வோல்ட் சுருளை இயக்குகிறது. அதை விடும் கணத்தில் சுருள் ஒரு கூர்மையான மின்னழுத்த உதையைக் கிளப்பும். அது வயர் வழியாக போர்டு வரை வந்து அதைக் குழப்புகிறது. நேர்மின் சுருள் என்றால் ஒரு டையோடு போதும். மாறுமின் சுருளுக்கு டையோடு கூடாது, மின்சுற்றே குறுக்காகிவிடும். கான்டாக்டருக்கென்றே விற்கும், தடையும் கெப்பாசிட்டரும் தொடராக இணைந்த அடக்கியை மின்னியலாளர் சுருளின் இரு முனைகளிலும் மாட்டினார். சில வெள்ளி விலையுள்ள பாகம். அதற்குப் பிறகு அந்தப் புகாரும் இல்லை.

மொத்தப் பாகச் செலவு, முகவர் சொன்ன ஒரு புதிய பெட்டியின் விலையில் சிறு பகுதிதான். உழைப்பு நேரத்தையும் சேர்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. ஆனால் கண்டுபிடித்தது நான்கு பெட்டிக்கும் பொருந்தியது. மற்ற மூன்றிலும் பவர் சப்ளையை அளந்தபோது ஏசி அலைவு ஏறத் தொடங்கியிருந்தது. புகார் வரும் முன்பே அவற்றை மாற்றினோம்.

இனி மாற்றப்போவது

பம்ப் கான்டாக்டருக்குப் போகும் 230 வோல்ட் கட்டணப் பெட்டிக்குள் வரவே தேவையில்லை. பம்ப் அறையிலேயே 24 வோல்ட் இடைரிலே ஒன்றை வைத்தால், பெட்டியிலிருந்து போகும் வயர்களில் 24 வோல்ட் மட்டும் இருக்கும். அடுத்த பெரிய பராமரிப்பில் அதைச் செய்ய உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு பெட்டிக் கதவின் உட்புறத்திலும் நீர் புகாத உறையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது: ரிலே 24 வோல்ட் சுருள், இணைப்பி 2.5 மில்லிமீட்டர், பவர் சப்ளை 24 வோல்ட் 100 வாட், ரீடருக்குத் தனி 12 வோல்ட். மாற்றிய தேதி, மாற்றியவர் கையெழுத்து. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம், யார் வந்து திறந்தாலும் படிக்கலாம்.

இனி கார்டு ரீடர் போன்ற எதையும் புதிதாகச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் பவர் சப்ளையின் சுமையை உச்ச நேரத்தில் அளந்து எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தோம். காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்வது மாதாந்திரப் பட்டியலில் ஏறியது. 2ஆம் தடத்தின் பெட்டிக்கு மேல் வெயில் மறைப்புத் தகடு ஒன்று போட்டாகிவிட்டது. மதியத்தில் உள்ளே 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

உதிரியாக ஒரு பவர் சப்ளை, நான்கு ரிலே, ஒரு யுஎல்என்2003, தேவையான இணைப்பிகள் கடையின் அலமாரியில் பெயர் எழுதிய டப்பாவில் இருக்கின்றன. அந்த டப்பாவின் பொறுப்பு, நோட்டில் புகார்களை எழுதி வைத்த அதே பெண்மணியிடம். எடுத்தால் அவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை அவர் அதே நோட்டில் குறித்துக்கொள்கிறார்.